ஸ்டாஃப் பார்ட்டிக்குத் தலைக்கு 150 பவுண்டு: கணக்கு எங்கே இடறுகிறது?

ஹாரோ ஐடி | 03.11.2025

லிமிடெட் கம்பெனி வச்சு கான்ட்ராக்ட் வேலை. டைரக்டரும் நான்தான், ஒரே ஸ்டாஃபும் நான்தான். வருஷத்துக்கு ஒரு ஆளுக்கு 150 பவுண்டு பார்ட்டி அலவன்ஸ் இருக்கு, பார்ட்டியே வைக்கலேன்னாலும் அந்தப் பணத்தை வரியில்லாம எடுத்துக்கலாம், மனைவியையும் சேர்த்தா 300னு கூட வேலை செய்யறவர் சொல்றார். சரியா? டிசம்பர்ல ரெண்டு பேரும் வெளியே சாப்பிடப் போறதா இருக்கோம்.

கணக்குப்பிள்ளை | 03.11.2025

அலவன்ஸ் என்ற சொல்லை முதலில் விட்டுவிடுங்கள். பாதிச் சிக்கல் அதிலிருந்துதான் வருகிறது. பிரிட்டனின் 2003-ஆம் ஆண்டுச் சம்பள வருமான வரிச் சட்டத்தின் 264-ஆம் பிரிவு ஒரு விலக்கு மட்டுமே தருகிறது. பார்ட்டி நடக்க வேண்டும், அதற்குக் கம்பெனி செலவழித்திருக்க வேண்டும், அந்தச் செலவு மூன்று நிபந்தனைகளுக்குள் அடங்க வேண்டும். அப்படியானால் அதில் கலந்துகொண்ட பணியாளருக்கு அது வரிக்குரிய பெனிஃபிட் (சம்பளத்துக்கு மேல் கிடைக்கும் சலுகை) ஆகாது. பார்ட்டி இல்லாமல் 150 பவுண்டைக் கையில் எடுத்தால் அது சம்பளம்தான். பே ரோல் (சம்பளக் கணக்கு) வழியாகப் போய், வருமான வரியும் நேஷனல் இன்ஷூரன்ஸ் என்ற சமூகக் காப்பீட்டுப் பங்களிப்பும் கட்ட வேண்டும்.

மூன்று நிபந்தனைகள்: ஆண்டுதோறும் நடக்கும் நிகழ்ச்சியாக இருக்க வேண்டும். எல்லாப் பணியாளருக்கும், அல்லது ஓர் இடத்தில் வேலை செய்யும் எல்லாருக்கும், பொதுவாகத் திறந்திருக்க வேண்டும். தலைக்கு 150 பவுண்டைத் தாண்டக் கூடாது.

உங்களுக்கு இரண்டாவது நிபந்தனை தானாக நிறைவேறுகிறது. ஒரே பணியாளர் நீங்கள். உங்களைக் கூப்பிட்டால் எல்லாரையும் கூப்பிட்டாயிற்று. மனைவி விருந்தாளியாக வரலாம், அவரும் தலைக்கணக்கில் சேர்வார். ஆகவே இருவருக்கும் சேர்த்து 300 என்பது சரிதான், உண்மையிலேயே போய்ச் சாப்பிட்டால்.

ஹாரோ ஐடி | 03.11.2025

அப்போ பில் 290 வந்தா ஓகே.

கணக்குப்பிள்ளை | 03.11.2025

வீட்டுக்குத் திரும்ப டாக்ஸி எடுப்பீர்களா? 24 பவுண்டு என்று வையுங்கள். 290 + 24 = 314; தலைக்கு 157. இப்போது விலக்கே இல்லை. தாண்டிய 7 பவுண்டுக்கு வரி என்று நினைக்காதீர்கள், முழு 314-உம் உங்கள் பெனிஃபிட். மனைவியின் பங்கும் உங்கள் தலையில்தான் விழும், அவர் உங்கள் விருந்தாளி என்பதால். கம்பெனி பி11டி (பணியாளர் பெற்ற பெனிஃபிட்டை வரித்துறைக்குச் சொல்லும் படிவம்) போட்டு, பெனிஃபிட்டுக்காகக் கம்பெனி கட்டும் 15 சதவீதம் கிளாஸ் 1ஏ நேஷனல் இன்ஷூரன்ஸ் 47.10 கட்ட வேண்டும். அதற்கு மேல் உங்கள் சொந்த வருமான வரி; 40 சதவீதத் தட்டில் இருந்தால் 125.60.

தலைக்கணக்குக்காக வகுக்கும் மொத்தத் தொகையில் அந்த இரவின் எல்லாச் செலவும் அடங்கும்: சாப்பாடு, குடிவகை, வாட் (மதிப்புக் கூட்டு வரி), மண்டப வாடகை, இசை, வந்துபோகும் வண்டி, தங்கினால் ஹோட்டல் அறை. கம்பெனி கொடுத்த சர்வீஸ் சார்ஜும் சேரும். லண்டன் உணவகங்களில் 12.5 சதவீதம் சர்வ சாதாரணம். மெனு விலை தலைக்கு 130 என்று பதிவு செய்கிறீர்கள்; சர்வீஸ் 16.25 சேர்ந்து 146.25, ஆளுக்கு 5 பவுண்டு டாக்ஸி வந்தாலே 151.25. மெனு அட்டையைப் பார்த்துக் கணக்குப் போடுகிறவர்கள் விழும் குழி இதுதான்.

நான் சொல்லும் வழி: 130-ஐ உங்கள் உச்சவரம்பாக வைத்துக்கொள்ளுங்கள், எல்லாச் செலவும் சேர்த்து. மீதி 20 எதிர்பாராததற்கு.

க்ராய்டன் பே ரோல் | 04.11.2025

ஒரு டைரக்டர் மட்டும் உள்ள கம்பெனிகளுக்கு ஒரு விஷயம் சேர்க்கிறேன். கார்ப்பரேஷன் டாக்ஸில் (கம்பெனி லாபத்துக்கான வரி) செலவு கழியும், ஆனால் வாட் திரும்பக் கிடைக்காது. டைரக்டர்களுக்கு மட்டும் என்று வைக்கும் விருந்தின் உள்வரி வாட்டை (வாங்கும்போது கம்பெனி கொடுத்த வாட்) வரித்துறையான எச்.எம்.ஆர்.சி. ஏற்பதில்லை. வேலைக்கு ஆள் இருந்து, அவர்களோடு டைரக்டரும் உட்கார்ந்து சாப்பிட்டால் டைரக்டர் பங்கு வாட்டும் வரும். விற்பனையில் ஒரு நிலையான சதவீதத்தை வாட்டாகக் கட்டும் ஃபிளாட் ரேட் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இந்தப் பேச்சே வேண்டாம். அதில் 2,000 பவுண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மூலதனப் பொருள் தவிர வேறு எதற்கும் உள்வரி எடுக்க முடியாது.

ஈஸ்ட்ஹாம் கடை | 06.11.2025

எங்கட கடை லிமிடெட் கொம்பனி. நானும் மனிசியும் டைரக்டர்மார். வேலைக்கு ஐஞ்சு பேர் நிக்கினம், அதில ரெண்டு பெடியள் சனி ஞாயிறு மட்டும். பொங்கலுக்குப் பிறகு வாற ஞாயிறு ஒரு ஹோல் எடுத்து, குடும்பங்களையும் கூப்பிட்டுச் சாப்பாடு குடுக்கிற எண்ணம். சனி ஞாயிறுப் பெடியளையும் கூப்பிடத்தான் வேணுமோ? பிள்ளையளையும் தலைக்கணக்கில சேர்க்கலாமோ?

கணக்குப்பிள்ளை | 06.11.2025

கூப்பிடத்தான் வேண்டும் அண்ணை. பகுதிநேரம், ஜீரோ அவர்ஸ் (மணிநேர உத்தரவாதம் இல்லாத வேலை), பிரசவ விடுப்பில் இருப்பவர், எல்லாரும் பணியாளர்தான். கூப்பிட்டது எழுத்தில் இருக்கட்டும். வாட்ஸப் குழுவில் போட்ட ஒரு செய்தி போதும், அதைப் படமெடுத்துக் கோப்பில் வையுங்கள். வராமல் போவது அவர்கள் விருப்பம், அதனால் விலக்கு போகாது. கடையைப் பார்க்க ஒருவர் நிற்கிறார் என்றாலும் அதே கதைதான், ஆனால் வேண்டுமென்றே ஒருவரை ஷிஃப்டில் போட்டு வெளியே நிறுத்தினால் 'பொதுவாகத் திறந்திருக்கிறது' என்று வாதிட முடியாது.

பிள்ளைகளும் தலைகளே. வந்தவர் எல்லாரும் வகுக்கும் எண்ணில் சேர்வார்கள்.

உங்கள் கணக்கை இப்படிப் போட்டுப் பார்க்கலாம். நீங்கள் இருவர், பணியாளர் ஐந்து பேர், பணியாளரின் துணைவர் நால்வர், பிள்ளைகள் நால்வர்: 15 தலை. மண்டபம் 300, கேட்டரிங் 900, வான் வாடகை 180, கேக்கும் அலங்காரமும் 120, மொத்தம் 1,500. தலைக்கு 100. விலக்குக்குள் பத்திரமாக இருக்கிறது.

வாட் தனிக் கணக்கு. 20 சதவீத வாட் சேர்ந்த விலையில் ஆறில் ஒரு பங்கு வாட் என்பதற்காக, 1,500-ஐ அப்படியே ஆறால் வகுத்து 250 என்று எடுத்துவிடக் கூடாது. வெறும் மண்டப வாடகை பெரும்பாலும் வாட் விலக்கு பெற்றது. சாதாரண கேக்குக்குப் பூஜ்ய விகிதம். வான் ஓட்டுபவர் வாட் பதிவு இல்லாதவராக இருக்கலாம். கேட்டரிங்குக்கு 20 சதவீதம், குளிர்ந்த உணவாக இருந்தாலும் சரி. ஆக 900-இல் உள்ள 150 மட்டுமே வாட். அதிலும் விருந்தாளிகளின் பங்கு வராது. 15 பேரில் கம்பெனி ஆட்கள் ஏழு பேர்; 150 × 7 ÷ 15 = 70 பவுண்டு. அவ்வளவுதான் வாட் ரிட்டனில் போகும். மீதி 80 பார்ட்டிச் செலவோடு சேர்ந்து கார்ப்பரேஷன் டாக்ஸில் கழியும்.

கேட்டரிங் பில்லில் கம்பெனிப் பெயர் இருக்க வேண்டும். 250 பவுண்டு வரை சுருக்கமான வாட் ரசீது போதும், அதற்கு மேல் முழு இன்வாய்ஸ். கார்டு மெஷினில் வரும் துண்டுச் சீட்டு வாட் ரசீது ஆகாது.

ஈஸ்ட்ஹாம் கடை | 07.11.2025

கேட்டரிங் எடுக்காமல் கடைச் சாமானையே எடுத்துச் சமைச்சா? அரிசி, பருப்பு, மரக்கறி எல்லாம் கடையில கிடக்கு.

கணக்குப்பிள்ளை | 07.11.2025

சமைக்கலாம். விற்பனை விலை பார்க்க வேண்டியதில்லை, கம்பெனிக்கு ஆன செலவே கணக்கு. 1992-இல் பிரபுக்கள் சபை தீர்த்த பெப்பர் எதிர் ஹார்ட் வழக்கு இதற்கு அடித்தளம். மால்வர்ன் கல்லூரி ஆசிரியர்களின் பிள்ளைகள் குறைந்த கட்டணத்தில் அதே பள்ளியில் படித்தார்கள். அந்தச் சலுகைக்கு எந்த அளவில் வரி என்பது வழக்கு. வேலை கொடுப்பவருக்குக் கூடுதலாக ஆன செலவு மட்டுமே என்று தீர்ப்பு வந்தது. கடைக்காரர், உணவகக்காரர் எல்லாருக்கும் இது பெரிய உதவி.

புத்தகத்தில் எழுதும்போது கவனம். அந்த அரிசி ஏற்கெனவே கொள்முதலில் ஏறிவிட்டது. மறுபடியும் பார்ட்டிச் செலவு என்று எழுதினால் ஒரே செலவு இரண்டு முறை கழியும். ஒரு ஜர்னல் (மாற்றுப் பதிவு) போட்டுக் கொள்முதலிலிருந்து பார்ட்டிக் கணக்குக்கு மாற்றுங்கள். எடுத்த சாமானுக்கு ஒரு பட்டியல் வேண்டும்: அரிசி இத்தனை கிலோ, கொள்விலை இவ்வளவு. பட்டியல் இல்லாமல் சரக்கு குறைந்தால், விற்றுவிட்டு மறைத்ததாகச் சந்தேகம் வரும். இந்த ஒரு தாளுக்காகவே பொங்கலுக்கு முன்தினம் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

வெம்ப்ளி ஹோட்டல் | 09.11.2025

20 பேருக்கு டேபிள் போட்டிருக்கு. குறைந்தபட்சச் செலவு 2,200, கோச் 200. மொத்தம் 2,400, தலைக்கு 120. எத்தனை பேர் வந்தாலும் கூப்பிட்டது 20 பேரைத்தானே, அதால வகுத்தா போதும்னு எங்க பழைய அக்கவுண்டன்ட் சொல்வார்.

க்ராய்டன் பே ரோல் | 09.11.2025

இல்லை. வந்தவர்கள் எண்ணிக்கையால்தான் வகுக்க வேண்டும். சட்டத்தின் சொற்களே கலந்துகொண்டவர் எண்ணிக்கை என்றுதான் இருக்கின்றன. அழைத்தவர், பதிவு செய்த இருக்கை, கொடுத்த அட்வான்ஸ், எதுவும் எடுபடாது.

உங்கள் எண்ணையே போடுகிறேன். 16 பேர் வந்தால் 2,400 ÷ 16 = 150. சட்டம் 150-ஐத் தாண்டக் கூடாது என்கிறது, ஆகவே சரியாக 150 என்றால் விலக்கு உண்டு. 15 பேர் வந்தால் 160. விலக்கு முழுவதும் போயிற்று.

அந்த 15 பேரும் ஸ்டாஃப், எல்லாரும் 20 சதவீதத் தட்டு என்று வையுங்கள். பணியாளரிடம் வரி பிடிக்க மனமில்லாத முதலாளி, வரித்துறையோடு பி.எஸ்.ஏ. என்ற ஒப்பந்தம் போட்டு அவர்கள் வரியைத் தானே கட்டுவார். பெனிஃபிட் 2,400. அதற்கு வரி 480 என்று நினைப்பீர்கள்; ஆனால் பணியாளர் வரியை முதலாளி கட்டுவதும் ஒரு பெனிஃபிட் என்பதால் மேல்நோக்கி ஏற்றிக் கணக்கிட வேண்டும்: 2,400 × 20 ÷ 80 = 600. பிறகு 3,000-க்கு 15 சதவீதம் கிளாஸ் 1பி நேஷனல் இன்ஷூரன்ஸ், 450. மொத்தம் 1,050 பவுண்டு.

பதினாறாவது ஆள் வந்திருந்தால் அந்த 1,050 மிச்சம். இதை எழுதும்போதே எனக்கு வயிறு எரிகிறது. சிறு முதலாளி நல்ல எண்ணத்தில் ஸ்டாஃபுக்குச் சாப்பாடு போடுகிறார், ஐந்து பேர் காய்ச்சல் என்று வரவில்லை, அபராதம் போல வரி வருகிறது.

வெம்ப்ளி ஹோட்டல் | 09.11.2025

இது யாருமே சொல்லலையே. இப்ப என்ன செய்ய?

கணக்குப்பிள்ளை | 10.11.2025

செய்ய நிறைய இருக்கிறது, பணம் கட்டி முடிப்பதற்கு முன் செய்தால்.

உணவகத்திடம் பேசி, குறைந்தபட்சச் செலவை ஆள் கணக்கு விலையாக மாற்றச் சொல்லுங்கள். கடைசி எண்ணிக்கையை எத்தனை நாளுக்கு முன் சொல்ல வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். அதற்கு இரண்டு நாள் முன்பு பணியாளரிடம் வருகிறீர்களா என்று நேரடியாகக் கேளுங்கள்; வாட்ஸப்பில் கட்டைவிரல் போட்டவரெல்லாம் வருவதில்லை. துணைவரையும் அழையுங்கள். இடம் ஏற்கெனவே கட்டணம் கட்டியதாக இருந்தால் கூடுதல் ஆள் வருவது தலைக்கணக்கைக் குறைக்கிறது. திரும்பக் கிடைக்கும் வாட் மட்டும் விருந்தாளி விகிதத்துக்குக் குறையும், அது சின்ன இழப்பு. கோச்சை விட்டு ரயில் பயணச்சீட்டு வாங்கிக் கொடுத்தால் வந்தவர்களுக்கு மட்டும் செலவாகும்.

நம் கடைகளில் தேதியும் முக்கியம். தீபாவளியை ஒட்டி வரும் அமாவாசைக்கு மறுநாள் கந்தசஷ்டி விரதம் தொடங்குகிறது. ஆறு நாள் விரதம் இருப்பவர் அந்த வாரத்தில் விருந்துக்கு வர மாட்டார். கார்த்திகை பிறந்தால் மாலை போட்டவர்கள் ஒதுங்குவார்கள். டிசம்பர் கடைசி வாரம் ஊருக்குப் பறக்கிறவர் பாதிப் பேர். ஜனவரி மூன்றாம் வாரம், பொங்கல் முடிந்த கையோடு, உணவக விலையும் இறங்கியிருக்கும், ஆட்களும் ஊரில் இருப்பார்கள்.

ஹாரோ ஐடி | 10.11.2025

கிறிஸ்மஸுக்குன்னு இருந்தாத்தான் செல்லும்னு நினைச்சேன். பொங்கலுக்கும் ஆகுமா?

கணக்குப்பிள்ளை | 10.11.2025

ஆகும். சட்டத்தில் எந்தப் பண்டிகைப் பெயரும் இல்லை. கிறிஸ்மஸ், தீபாவளி, பொங்கல், ஈத், கோடை பார்பிக்யூ, எதுவானாலும் ஆண்டுதோறும் நடக்க வேண்டும். கம்பெனியின் பத்தாம் ஆண்டு விழா ஆகாது. அது ஒரே முறை வருவது. புதுக் கிளைத் திறப்பு, ஒப்பந்தம் கிடைத்த மகிழ்ச்சி, ஒருவர் ஓய்வு பெறும் விருந்து, இவையும் ஆகா. முதல் தடவை பொங்கல் விருந்து வைக்கிறீர்கள் என்றால், இனி ஆண்டுதோறும் ஜனவரியில் நடத்துவதாக டைரக்டர் தீர்மானம் ஒரு பத்தி எழுதி வையுங்கள், அதன்படி நடத்தவும் செய்யுங்கள்.

ஈஸ்ட்ஹாம் கடை | 12.11.2025

கிறிஸ்மஸுக்கும் டிசம்பரில சின்னனா ஒண்டு வைக்கிறனாங்கள். ரெண்டும் செல்லுமோ?

க்ராய்டன் பே ரோல் | 12.11.2025

வைக்கலாம் அண்ணா. 150 என்பது ஒரு வரி ஆண்டுக்கு, ஏப்ரல் 6 முதல் அடுத்த ஏப்ரல் 5 வரை நடக்கும் எல்லா ஆண்டு விருந்துக்கும் சேர்த்து. கம்பெனியின் கணக்காண்டு டிசம்பரில் முடிகிறதா மார்ச்சில் முடிகிறதா என்பது இதைத் தொடாது.

மொத்தம் 150-ஐத் தாண்டினால் எதை விலக்கில் வைப்பது என்று தேர்ந்தெடுக்கலாம். கோடை விருந்து தலைக்கு 70, தீபாவளி 60, கிறிஸ்மஸ் 85. கூட்டினால் 215. ஒரு விருந்தைப் பாதி உடைத்து 150-க்கு அடைக்க முடியாது. ஒவ்வொன்றும் முழுதாக உள்ளே அல்லது முழுதாக வெளியே. 85 + 70 = 155, ஆகாது. 85 + 60 = 145, ஆகும். கோடை விருந்தின் 70-க்கு வரி. ஆனால் கோடைக்கு 30 பேர் வந்து, தீபாவளிக்கு 12 பேர்தான் வந்தார்கள் என்றால் கணக்கு மாறும்: கோடையை உள்ளே வைத்து 70 + 60 = 130, கிறிஸ்மஸை வெளியே விடுவது மலிவா என்று மூன்றின் மொத்தச் செலவையும் பார்க்க வேண்டும். வரி போவது தலைக்கணக்கில் அல்ல, வெளியே விடப்பட்ட விருந்தின் முழுச் செலவில்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. வெளியே விடப்பட்ட கோடை விருந்துக்கு மட்டும் வந்த பணியாளர், வேறு எதற்கும் வராதவர், அவருக்கும் அந்த 70 வரிக்குரியதுதான். 'அவர் மொத்தம் 70-தானே அனுபவித்தார், 150-க்குள் இருக்கிறாரே' என்பது எடுபடாது. கணக்கு விருந்துக்கு, ஆளுக்கு அல்ல.

கணக்குப்பிள்ளை | 12.11.2025

இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. அதே சட்டத்தின் 323ஏ பிரிவு, 2016 ஏப்ரல் 6 முதல் உள்ள சில்லறைச் சலுகை விதி. ஆளுக்கு 50 பவுண்டைத் தாண்டாத ஒரு பெனிஃபிட், பணமாகவோ பணமாக மாற்றக்கூடிய வவுச்சராகவோ இல்லாமல், வேலைக்கான வெகுமதியாக இல்லாமல், ஒப்பந்தத்தில் உரிமையாக எழுதப்படாமல் இருந்தால் வரியே இல்லை, படிவமும் இல்லை.

ஈஸ்ட்ஹாம் அண்ணைக்குச் சொல்கிறேன். கிறிஸ்மஸ் தலைக்கு 120, பொங்கல் தலைக்கு 40 என்றால் கூட்டுத்தொகை 160, இரண்டும் 264-க்குள் நிற்காது. கிறிஸ்மஸை 264-இல் வையுங்கள், பொங்கலை 323ஏ-இல் வையுங்கள். இரண்டுக்கும் வரி இல்லை. பொங்கலைச் சில்லறைச் சலுகையில் கொண்டுவருவதானால் அதைப் பணியாளரோடு நிறுத்திக்கொள்வது நல்லது. குடும்பங்களைக் கூப்பிடும் விருந்தை 150 பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

கெடுவது எங்கே என்றால் அழைப்பு வாசகத்தில். 'இந்த வருடம் கடுமையாக உழைத்து இலக்கை எட்டியதற்கு நன்றியாக' என்று முதலாளி அன்போடு எழுதுகிறார்; அது வெகுமதி ஆகிவிட்டது, விலக்கு போயிற்று. 'எல்லாருக்கும் பொங்கல் வாழ்த்து, ஞாயிறு மதியம் சாப்பிட வாருங்கள்' போதும்.

டைரக்டருக்கு மட்டும் ஒரு கூடுதல் வேலி. ஐந்து பேர் அல்லது அதற்குக் குறைவானவர் கையில் உள்ள கம்பெனி, அல்லது பங்குதாரர்களே டைரக்டர்களாக உள்ள கம்பெனி என்றால் (நம் கம்பெனிகள் ஏறக்குறைய எல்லாமே) டைரக்டருக்கு இந்தச் சில்லறைச் சலுகை ஆண்டுக்கு 300 பவுண்டு வரைதான். வேலை செய்யாத மனைவிக்கோ பிள்ளைக்கோ கொடுத்ததும் டைரக்டரின் 300-இல் சேரும். மற்றப் பணியாளருக்கு ஆண்டு வரம்பு கிடையாது, ஒவ்வொன்றும் 50-க்குள் இருந்தால் போதும். தீபாவளி இனிப்புப் பெட்டி, பிறந்தநாள் கிஃப்ட் கார்டு எல்லாம் இதில்தான் போகும்.

ஹாரோ ஐடி | 12.11.2025

50க்கு மேல போனா அதுவும் முழுசா வரியா?

கணக்குப்பிள்ளை | 12.11.2025

ஆம், 50.01 ஆனாலும் முழுதும். அந்த 50-இலும் வாட் சேர்ந்திருக்கும்.

டூட்டிங் பில்டர் | 18.11.2025

நான் லிமிடெட் இல்ல, சொந்தப் பேர்ல செல்ஃப் எம்ப்ளாய்டு. ரெண்டு பசங்க பேரோல்ல, நாலு பேர் சப்கான்ட்ராக்டர். எல்லாரையும் கூட்டிட்டுப் போய் சாப்பாடு போட்டா?

கணக்குப்பிள்ளை | 18.11.2025

மூன்று விதமான ஆட்கள், மூன்று கணக்கு.

பேரோல் பையன்கள் இருவருக்கும் 150 விலக்கு உண்டு, அவர்கள் செலவு உங்கள் லாபத்தில் கழியும். சப்கான்ட்ராக்டர் பணியாளர் அல்ல. அவருக்குச் செய்வது வியாபார விருந்தோம்பல். லாபத்திலும் கழியாது, வாட்டும் வராது. உங்கள் தட்டுக்கும் கழிவு இல்லை. சொந்தப் பேரில் தொழில் செய்பவர் தனக்குத் தானே பணியாளர் ஆக முடியாது. கூட்டு வியாபாரப் பங்காளிகளுக்கும் இதேதான்.

ஏழு பேருக்கு 560 பவுண்டு என்றால் தலைக்கு 80. கழிவது 160. மீதி 400-ஐ வரிக்கணக்கில் திரும்பக் கூட்ட வேண்டும். அக்கவுண்டிங் மென்பொருளில் இரண்டு தலைப்பு திறந்து வையுங்கள்: பணியாளர் விருந்து, வெளியார் விருந்து. ஆண்டு முடிவில் ஒரே 'என்டர்டெயின்மென்ட்' தலைப்பில் எல்லாம் கிடந்தால் அக்கவுண்டன்ட் மொத்தத்தையும் தள்ளுபடி செய்துவிடுவார், அவரைக் குறை சொல்ல முடியாது.

வாடிக்கையாளரை அழைக்கும் லிமிடெட் கம்பெனிக்கும் இதே பிரிவினை. ஒன்றிரண்டு வாடிக்கையாளர் வந்தால் அவர்கள் பங்கு மட்டும் போகும். வாடிக்கையாளருக்காகவே வைத்த விருந்தில் பணியாளர் உபசரிக்க நிற்கிறார் என்றால் முழுச் செலவும் போகும். ஓய்வு பெற்ற பழைய பணியாளரையும் அவர் துணைவரையும் லாபக் கணக்கில் எச்.எம்.ஆர்.சி. பணியாளர் பக்கத்திலேயே ஏற்கிறது, அவர்களைத் தாராளமாகக் கூப்பிடலாம்.

வெம்ப்ளி ஹோட்டல் | 02.12.2025

உணவகம் ஆள் கணக்கு விலைக்கு ஒத்துக்கொண்டது. தலைக்கு 105, சர்வீஸ் சேர்த்து. இருந்தாலும் கேக்கிறேன்: 150க்கு மேல போனா கார்ப்பரேஷன் டாக்ஸ்லயும் கழியாதா?

கணக்குப்பிள்ளை | 02.12.2025

கழியும். 150 பணியாளர் பக்கத்து விதி. கம்பெனி லாபக் கணக்குக்கும் அதற்கும் தொடர்பில்லை. தலைக்கு 200 ஆனாலும், பணியாளருக்கான உண்மையான விருந்தானால், முழுச் செலவும் கழியும். லாபம் 50,000 வரை 19 சதவீதம், 2,50,000-க்கு மேல் 25 சதவீதம் மிச்சம், இடையில் உள்ளவர்களுக்கு 26.5 சதவீதம். அதனால்தான் சிலர் தெரிந்தே தாண்டி, பி.எஸ்.ஏ. கட்டிவிட்டுப் போகிறார்கள். அது தவறில்லை, கணக்குத் தெரிந்து செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

பி.எஸ்.ஏ. தேதிகள்: வரி ஆண்டு முடிந்து ஜூலை 5-க்குள் ஒப்பந்தம், அக்டோபர் 22-க்குள் மின்வழிப் பணம். ஒரு முறை ஒப்பந்தம் போட்டால் நீங்களோ அவர்களோ நிறுத்தும்வரை தொடரும். பி.எஸ்.ஏ. வேண்டாம் என்றால் பி11டி ஜூலை 6-க்குள், கிளாஸ் 1ஏ ஜூலை 22-க்குள். பி11டி வழியில் மேலே சொன்ன 15 பேர் உதாரணத்தில் கம்பெனிக்கு 360. ஆனால் ஒவ்வொரு பணியாளருக்கும் 32 பவுண்டு வரி, அவர் டாக்ஸ் கோடு மாறி மாதச் சம்பளத்தில் பிடிபடும். பார்ட்டிக்கு வந்ததற்கு வரிக் கடிதம் வாங்கியவர் அடுத்த வருடம் வர மாட்டார்.

க்ராய்டன் பே ரோல் | 03.12.2025

150 என்ற வரம்பு 2003 ஏப்ரல் 6 முதல் அசையவில்லை, அதற்கு முன் 75. இருபது வருடத்துக்கு மேல் விலைவாசி ஏறியும் இது அப்படியே நிற்கிறது. அன்று 150 பவுண்டுக்கு ஹோட்டல் அறையோடு விருந்து வைக்க முடிந்தது, இன்று லண்டனில் சாப்பாடும் டாக்ஸியும் மட்டுமே அடங்கும். தொகையை உயர்த்தாவிட்டாலும், தாண்டிய பங்குக்கு மட்டும் வரி என்று மாற்றினாலே சிறு கம்பெனிகளுக்கு நிம்மதி. நான் பார்க்கும் பே ரோல்களில் விருந்தே வேண்டாம் என்று விடுகிறவர்கள் பணம் இல்லாமல் விடவில்லை, இந்த ஒரு பவுண்டுப் பயத்தில் விடுகிறார்கள்.

ஈஸ்ட்ஹாம் கடை | 11.01.2026

அடுத்த கிழமை பொங்கல் சாப்பாடு. கோப்பில என்னென்ன வைக்க வேணுமெண்டு ஒருக்கா சொல்லுங்கோ தம்பி.

கணக்குப்பிள்ளை | 11.01.2026

அழைப்புச் செய்தியின் படம், தேதியோடு. வந்தவர் பட்டியல்: பெயர், பணியாளரா விருந்தாளியா, யாருடைய விருந்தாளி. அன்று மாலையே எழுதுங்கள், ஒரு வாரம் கழித்து நினைவு வராது. மண்டபத்தில் எல்லாரும் நிற்க ஒரு குழுப்படம் எடுத்தால் அதுவும் சாட்சி. ரசீதுகள், கடைச் சாமான் பட்டியல், பிறகு ஒரே தாளில் கூட்டலும் வகுத்தலும். அந்தத் தாளில் இந்த வரி ஆண்டின் மற்ற விருந்துகளின் தலைக்கணக்கையும் எழுதி மொத்தம் காட்டுங்கள். கம்பெனிக் கணக்கும் வாட் பதிவும் ஆறு வருடம் வைத்திருக்க வேண்டியவை, இதையும் அதே பெட்டியில் போடுங்கள்.

ஹாரோ ஐடி | 25.01.2026

டிசம்பர்ல போக முடியல, மனைவிக்கு வேலை. ஏப்ரல் 11 சனிக்கிழமை போகலாம்னு இருக்கோம். 2025-26 கணக்குல வருமா?

கணக்குப்பிள்ளை | 25.01.2026

வராது. ஏப்ரல் 11 என்றால் 2026-27 ஆண்டு. டேபிளுக்கு அட்வான்ஸ் இப்போதே கட்டினாலும் விருந்து நடக்கும் நாள்தான் கணக்கு. அப்படிச் செய்தால் இந்த ஆண்டின் 150 வீணாகும், எடுத்துச் செல்ல வழியில்லை. அதோடு 2026 டிசம்பரில் வழக்கப்படி போகும் விருந்தும் அதே ஆண்டில் விழுந்து, ஏப்ரல் செலவோடு கூடும். ஏப்ரல் 5 ஞாயிறு ஈஸ்டர், உணவகங்கள் நிரம்பியிருக்கும். மார்ச்சில் ஒரு சனிக்கிழமை பிடியுங்கள், எல்லாம் சேர்த்து இருவருக்கும் 260-க்குள்.

ஹாரோ ஐடி | 25.01.2026

மார்ச் 14க்கு டேபிள் போட்டாச்சு. ட்யூப்லயே போய் வரோம்.